வயல் வாங்காத உரம்

1934ஆம் ஆண்டு, சிகாகோவில் இருந்த அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சிக்கலான வழக்கு வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம், பிறர் காப்புரிமை பெற்ற முறையில் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது என்பது குற்றச்சாட்டு. காப்புரிமை மீறப்பட்டது உண்மைதான் என்று நீதிபதிகளும் கண்டார்கள். அதற்கு மேல் தடையாணைதான் வர வேண்டும். கீழ் நீதிமன்றம் அதைப் பிறப்பித்தும் இருந்தது. ஆனால் ஆலையை மூடினால் நகரத்தின் மொத்தச் சாக்கடையும் மிச்சிகன் ஏரியில் போய் விழும். சுற்றுவட்டார ஊர்கள் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். எனவே நஷ்டஈடு கொடுக்கட்டும், ஆலை ஓடட்டும் என்று தீர்ப்பானது. பொதுநலன் கருதித் தடையாணை மறுக்கப்பட்டதற்கு முன்னுதாரணமாக வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக ஒரு சரக்கு வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்கடைச் சேற்றைக் காயவைத்துச் செய்த பழுப்பு நிறக் குருணை உரம் அது. அதைத் தேடி வாங்கியவர்கள் விவசாயிகள் அல்ல, கோல்ப் மைதானக்காரர்கள். புல்வெளிக்கு மெல்லக் கரையும் உரம் போடுவது ஒரு தொழிலாக வளர்ந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வயலை மனத்தில் வைத்துச் செய்த சரக்கு, விலை கட்டுப்படியாகாமல் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மில்வாக்கி, மெனாமனி, கின்னிகின்னிக் என்று மூன்று ஆறுகள் கூடி ஏரியில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் மில்வாக்கி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அங்கே பெரிய பெரிய பீர் ஆலைகளைக் கட்டினார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் இறைச்சிக் கூடங்களும் கூடவே வளர்ந்தன. எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான். நாற்றம் தாங்காமல் 1888இல் நகராட்சி ஒரு வழி செய்தது. ஏரியிலிருந்து சுரங்கம் தோண்டி, பெரிய இயந்திரத்தால் தண்ணீரை இறைத்து, ஆற்றின் மேற்பகுதியில் கொட்டி அழுக்கைத் தள்ளிவிட்டது. ஆற்றின் நாற்றம் குறைந்தது; ஆனால் தள்ளப்பட்ட அழுக்கு குடிநீர் ஏரியில் போய்ச் சேர்ந்தது. டைபாய்டு அந்த ஊரின் பழகிய நோயாக இருந்ததில் வியப்பில்லை.

1910இல் எமில் சைடல் மேயரானபோது, அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் முதல் சோசலிச மேயர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. 1916 முதல் 1940 வரை டேனியல் ஹோன் அந்தப் பதவியில் இருந்தார். புரட்சியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுச் சாக்கடை, குடிநீர், பூங்கா என்று அலைகிறார்களே என்று நியூயார்க் தோழர்கள் இவர்களைச் ‘சாக்கடை சோசலிஸ்டுகள்’ எனக் கேலி செய்தார்கள். மில்வாக்கிக்காரர்கள் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1913இல் கழிவுநீர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆலைக்கு இடம் பார்த்தது துறைமுகத்தை ஒட்டிய ஜோன்ஸ் தீவில். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பால்டிக் கடலோரத்திலிருந்து 1870களில் வந்து குடிசை போட்ட கஷூபிய மீனவர்கள் அவர்கள். ஏரியில் வலை வீசிப் பிழைத்தார்கள். மீன் புகைபோடும் கொட்டகைகள் வைத்திருந்தார்கள். நிலத்துக்கு மட்டும் பத்திரம் இல்லை. துறைமுகத்துக்கும் கழிவுநீர் ஆலைக்குமாக நகராட்சி அந்த நிலத்தைக் கையகப்படுத்த, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இன்று அவர்கள் நினைவாக அங்கே இருப்பது கஷூப் பூங்கா என்ற சின்னஞ்சிறு திடல் மட்டும்.

அதே சமயத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள், வெளிச்சம் படாமல் பழுப்புத் தாள் சுற்றிய கண்ணாடிப் புட்டிகளில் சாக்கடை நீரை ஊற்றிக் காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூண்டியவர் கில்பர்ட் ஃபவுலர். அவர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, கழிவிலிருந்து தழைச்சத்தை மீட்பது பற்றி எழுதியவர். முதல் தடவை புட்டி நீர் தெளிய வாரக்கணக்கில் ஆனது. வழக்கமாக அடியில் படிந்த சேற்றைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் கொட்டாமல் அதன் மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். தெளியும் நேரம் தடவைக்குத் தடவை குறைந்து, கடைசியில் சில மணி நேரத்துக்கு வந்தது. சேற்றில் பெருகியிருந்த நுண்ணுயிர்கள்தான் வேலையைச் செய்தன. 1914 ஏப்ரலில் இதை அவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே மில்வாக்கியின் தலைமைப் பொறியாளர் சாக்லி ஹாட்டன் ஜோன்ஸ் தீவில் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார். 1925இல் முழு ஆலையும் ஓடத் தொடங்கியது. அந்த முறையில் அவ்வளவு பெரிய ஆலை அதுவரை எங்கும் கிடையாது. காப்புரிமை வழக்கு வந்ததும் இந்த முறையைப் பற்றித்தான்.

தண்ணீர் தெளிந்தது. சேற்றை என்ன செய்வது? நுண்ணுயிர்களின் உடல்களே குவிந்த சேறு அது. நாள்தோறும் டன் கணக்கில் சேரும். ஏரியில் கொட்டினால் ஆலை கட்டியதற்கே பொருளில்லை. புதைக்க நிலம் வேண்டும். ஹாட்டன் அதைப் பிழிந்து, சுழலும் பெரிய உருளைகளில் சூடான காற்றைச் செலுத்திக் காயவைத்து உரமாக விற்கலாம் என்றார். அந்த உருளைகளுக்குள் போகும் காற்றின் வெப்பம் 480 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை. நோய்க்கிருமி எதுவும் அதில் தப்பாது.

விற்பதற்கு வழி கண்டுபிடிக்க, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் எமில் ட்ருவோக்கின் மேற்பார்வையில் ஓ.ஜே. நோயர் என்ற இளைஞரை ஆணையம் ஆய்வு உதவித்தொகை கொடுத்து அமர்த்தியது. அவர் அதை வயல் பயிர்களிலும் காய்கறிகளிலும் போட்டுப் பார்த்தார். பயிர் வளர்ந்தது. ஆனால் விவசாயி கணக்குப் பார்ப்பவர். அமோனியம் சல்பேட்டில் 21 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. இதில் 6 சதவீதம்தான். ஒரே அளவு சத்துக்கு மூன்று மடங்கு மூட்டை சுமக்க வேண்டும். போட்ட மறுவாரம் பயிர் கருகருவென்று எழும்புவதும் இல்லை. தழைச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாத புரதமாக இருந்ததால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். வெயிலும் ஈரமும் இருந்தால் வேகமாக, குளிர்ந்தால் மந்தமாக.

விவசாயிக்கு இது குறை. கோல்ப் மைதானப் பராமரிப்பாளருக்கு இதுவே வரம்.

கோல்ப் மைதானத்தில் குழியைச் சுற்றியிருக்கும் ‘கிரீன்’ என்ற பகுதியின் புல், நூற்றாண்டுக்கு முன்னரே சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டப்பட்டது. அவ்வளவு கட்டையாக வெட்டிய புல்லில் அமோனியம் சல்பேட்டைக் கொஞ்சம் அதிகமாகத் தூவிவிட்டால் உப்பு இலையின் நீரை உறிஞ்சி, பழுப்புத் திட்டுகளாகக் கருக்கிவிடும். கருகாமல் தப்பினாலோ, புல் கட்டுக்கடங்காமல் பூரித்து வளரும். தினமும் வெட்ட வேண்டும். இலை தளதளவென்று மென்மையாகிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். மூன்று நான்கு வாரத்தில் சத்து தீர்ந்து மஞ்சளடிக்கும். மறுபடி உரம், மறுபடி அதே சுழற்சி. புல்லில் விளைச்சல் என்று ஒன்றும் இல்லை; அது வேகமாக வளர வேண்டும் என்று எவரும் விரும்புவதில்லை. ஒரே பச்சையாக, ஒரே சீராக நாள்கணக்கில் இருந்தால் போதும். மில்வாக்கிக் குருணையைக் கைதவறி அதிகம் போட்டாலும் புல் கருகவில்லை. மண் சூடேறி புல் வளரும் பருவத்தில்தான் நுண்ணுயிர்களும் வேலை செய்யும் என்பதால், புல் கேட்கும்போது சத்து வந்தது.

1925இல் உரத்தொழில் பத்திரிகை ஒன்று நடத்திய பெயர்ப் போட்டியில் ‘மில்லார்கனைட்’ என்ற பெயர் தேர்வாகி, 1926 முதல் அது கடைக்கு வந்தது. நோயர் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் மைதானம் மைதானமாகச் சுற்றி, மண்ணைச் சோதித்து, பராமரிப்பாளர்களுக்கு வகுப்பெடுத்தார். புல்வெளி வளர்ப்பின் அரிச்சுவடியாக 1928இல் ஒரு புத்தகமும் எழுதினார். அதுவரை அனுபவசாலிகளின் கைப்பக்குவமாக இருந்த தொழில், மண் பரிசோதனையும் உர அட்டவணையுமாக மாறியதில் அந்தச் சாக்கடை ஆணையத்தின் ஊழியருக்குப் பெரும் பங்கு உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள புல்வெளி நூல் தொகுப்பு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1928இலேயே ஓஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில், 1868 முதல் விதை வியாபாரம் செய்துவந்த ஸ்காட் நிறுவனம், வீட்டுப் புல்வெளிக்கென்றே ‘டர்ஃப் பில்டர்’ என்ற உரத்தை வெளியிட்டது. புல்லுக்குத் தனி உரம் என்பதை அப்போது பணக்காரர்களின் ஆடம்பரமாகத்தான் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து படைவீரர்கள் திரும்பியதும் நிலைமை தலைகீழானது. நியூயார்க்கை ஒட்டி 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுனில் ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் புல்தரை. கோடையில் வாரம் ஒருமுறையாவது புல்லை வெட்ட வேண்டும் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை. இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2005இல் நாசா ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். குறைத்து மதிப்பிட்டாலும் அமெரிக்கப் புல்வெளிகளின் பரப்பு சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ தமிழ்நாட்டின் பரப்பளவு அது.

இத்தனை புல்லுக்கு மில்வாக்கியின் சேறு போதாது. சேறு செய்ததை ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்று வேதியியலாளர்கள் முனைந்தார்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆனால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். அதை ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிய வைத்தால் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும். பிளைவுட் பலகைகளை ஒட்டும் பசை அப்படிச் செய்ததுதான். பசைக்கு முழுக்க இறுக வேண்டும். உரத்துக்கு அரைகுறையாக இறுகினால் போதும். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் அந்தப் பதத்தைக் கண்டுபிடித்து 1948இல் வெளியிட்டார்கள். சிறிய சங்கிலி சீக்கிரம் சிதையும். நீண்டது மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். 1955இல் ஹெர்குலிஸ், டியூபான்ட் நிறுவனங்கள் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. மக்காச்சோளக்காரர் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தார். வாங்கியது மறுபடியும் கோல்ப் மைதானம்தான்.

அடுத்த முயற்சி அலபாமாவின் மசில் ஷோல்ஸில். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்காகக் கட்டிய நைட்ரேட் ஆலைகள் 1933க்குப் பிறகு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் கைக்கு வந்து, நாட்டின் உர ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டன. 1961இல் அங்குள்ளவர்கள் யூரியாவின் வேதியியலைத் தொடாமல், அதற்கு மேலே ஒரு தோலைப் போர்த்திப் பார்த்தார்கள். சீரக மிட்டாய் செய்கிறவர் வாணலியை ஆட்டி ஆட்டிச் சீரகத்தின் மேல் பாகை ஏற்றுவாரே, அதே வேலைதான். சூடேற்றிய யூரியாக் குருணை சுழலும் உருளைக்குள் புரள, அதன் மேல் உருகிய கந்தகத்தைத் தெளிப்பார்கள். கந்தகத் தோலில் ஊசிமுனைத் துளைகளும் விரிசல்களும் இருக்கும். அவற்றை மெழுகு பூசி அடைப்பார்கள். மண்ணில் மெழுகை நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன, தண்ணீர் உள்ளே கசிந்து யூரியாவைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தோலின் கனம் குருணைக்குக் குருணை வேறுபடுவதால் ஒன்று இன்றைக்கு, இன்னொன்று அடுத்த மாதம் என்று திறந்துகொள்ளும். தரம் பார்க்கவும் எளிய வழி வைத்திருந்தார்கள்: வெதுவெதுப்பான நீரில் ஏழு நாள் ஊறவைத்து எத்தனை பங்கு கரைந்தது என்று அளப்பது.

இதை அவர்கள் செய்தது புல்வெளிக்காக அல்ல. நெல்லுக்கும் கரும்புக்கும் போடும் யூரியா தண்ணீரோடு போய்விடுகிறதே என்ற கவலையில்தான். 1970களில் ஆசிய நெல்வயல்களில் சோதனை நடந்தது. சாதாரண யூரியாவை விடப் பயிர் நன்றாகவே எடுத்துக்கொண்டது. விலைதான் குறுக்கே நின்றது. கந்தகம் பூசிய யூரியாவும் கடைசியில் அமெரிக்க வீட்டு முற்றங்களில் போய் இறங்கியது. 1960களில் கலிபோர்னியாவிலிருந்து வந்த பிசின் பூசிய ‘ஆஸ்மோகோட்’ பூந்தொட்டிகளைப் பிடித்துக்கொண்டது.

மெல்லக் கரைவதில் ஒரு தொல்லையும் உண்டு. உரத்தோடு ஒட்டி வந்தது எதுவானாலும் அதுவும் மண்ணிலேயே தங்கும். மில்வாக்கியின் தொழிற்சாலைகள் சாக்கடையில் விட்ட கேட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் சேற்றிலும் வந்தன. காய்கறித் தோட்டத்தில் போட வேண்டாம் என்ற எச்சரிக்கை ஒரு காலத்தில் அந்தப் பையிலேயே இருந்தது. தொழிற்சாலைகள் தங்கள் கழிவை முதலில் தாங்களே சுத்தம் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்த பிறகுதான் அளவு இறங்கியது. 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் முன்பு ஆடிய மூவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் வந்தபோது, பயிற்சித் திடலில் போட்ட இந்த உரத்தின் மீது சந்தேகம் எழுந்தது. விசாரணைகளில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. 2007இல் சாக்கடைக் குழாய்களில் பழைய பி.சி.பி. நச்சு கிளம்பி, உரத்தில் கலந்து, மில்வாக்கியின் பூங்காக்களிலேயே தூவப்பட்டுவிட்டது. இப்போதைய கவலை, எளிதில் அழியாத பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருட்கள். மெய்ன் மாநிலம் 2022இல் கழிவுச் சேற்று உரத்தை நிலத்தில் போடுவதையே தடை செய்துவிட்டது.

இதற்கு நேரெதிராக, மெல்லக் கரையும் உரத்தைத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்ட ஊர்களும் உண்டு. கடலில் பாசி பெருகி மீன் செத்து மிதப்பதைப் பார்த்த புளோரிடாவின் சரசோட்டா மாவட்டம், புல்வெளி உரத்தின் தழைச்சத்தில் பாதியாவது மெல்லக் கரைவதாக இருக்க வேண்டும் என்று 2007இல் விதித்தது. மழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த உரமும் போடக் கூடாது. நியூஜெர்சியும் மேரிலாண்டும் 2011இல் குறைந்தது 20 சதவீதம் என்று விதித்தன. விஸ்கான்சினோ 2010 முதல் மணிச்சத்து கலந்த புல்வெளி உரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, பதப்படுத்திய கழிவுச் சேற்று உரத்துக்கு விலக்கு அளித்தது.

வயலும் சும்மா இருந்துவிடவில்லை. தமிழ்நாட்டு நெல் விவசாயிக்கு வேளாண் பல்கலைக்கழகம் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு கைமுறை உண்டு. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் மேலுரமாக இடுவது. வேம்பின் எண்ணெய்ச் சத்து, அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை மந்தப்படுத்துகிறது. நைட்ரேட்டாக மாறினால்தானே தண்ணீரோடு ஓடும்! டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலிருந்து இதை ஆராய்ந்துவந்தது. 2015இல் மத்திய அரசு, உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மானிய விலை யூரியா பிளைவுட் பசை செய்யும் ஆலைகளுக்குக் கள்ளத்தனமாகப் போகிறது என்பது. பெல்ட்ஸ்வில்லில் பசையின் வேதியியலிலிருந்து உரம் பிறந்தது. இங்கே உரம் பசையாகிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் நெல் விவசாயிகள் பிளாஸ்டிக் தோல் போர்த்திய உரத்துக்கு மாறினார்கள். நடவின்போது ஒருமுறை போட்டால் அறுவடை வரை தாங்கும். முதியவர்களே உழும் ஊர்களில் அது பெரிய உதவி. ஆனால் யூரியா கரைந்தபின் கடுகளவு வெற்றுத் தோல்கள் மிதந்து, வடிகாலில் இறங்கி, கடற்கரை மணலில் ஒதுங்கின. 2030க்குள் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத முறைக்கு மாறுவதென்று அந்நாட்டின் விவசாயக் கூட்டுறவு அமைப்புகள் 2022இல் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியமும் மட்காத பூச்சுகளை விலக்குவதற்கான வழியை 2019ஆம் ஆண்டின் உரச் சட்டத்திலேயே வகுத்துவிட்டது.

இதற்கிடையே இந்தியாவில் கவனம் மறுபடி கந்தகத்தின் பக்கம் திரும்பியது. 2023 ஜூலையில் ராஜஸ்தானின் சீகரில் பிரதமர் மோடி ‘யூரியா கோல்டு’ என்ற உரத்தை வெளியிட்டார். 37 சதவீதம் தழைச்சத்து, 17 சதவீதம் கந்தகம். மசில் ஷோல்ஸில் 1961இல் தொடங்கிய அதே கந்தகப் பூச்சு. கந்தகச் சத்து குறைந்த இந்திய மண்ணுக்கு அந்தத் தோலும் உணவாகும் என்பது கூடுதல் கணக்கு. அமெரிக்க விவசாயி விலை பார்த்து ஒதுக்கிய சரக்கை இங்கே வயலில் இறக்க அரசு வைத்திருக்கும் வழி மானியம்தான். 40 கிலோ மூட்டைக்கு 2024இல் விதிக்கப்பட்ட விலை ரூ.266.37; வேப்பெண்ணெய் பூசிய சாதாரண யூரியா 45 கிலோ மூட்டையின் விலையும் கிட்டத்தட்ட அதேதான்.